குரல் கேட்டு ஏறுவோர்

(நாயுடுபேட்டையில், சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இவ்விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது, தமிழின் தொன்மையைப் பற்றியோ குறள் காட்டும் நெறியைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பேச வல்லார் இவ்வவையில் பலர் உளர். நானோ ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆதலால், கண்டும் பட்டும் அறிந்த ஒன்றையே பேச விழைகின்றேன். மலையில் வழி தவறினோரையும் அடிபட்டோரையும் தேடிச் சென்று, கீழே கொண்டுவந்து சேர்க்கும் தொண்டே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

"நாம் வாழ்வது சமவெளியில். நமக்கும் மலைக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் எண்ணக்கூடும். நம் ஊரை அணைத்து ஓடும் ஸ்வர்ணமுகி மலைநாட்டில் பிறந்த ஆறன்றோ! அதன் கரையோடு மேற்கே சென்றால் திருக்காளத்தி. அதற்கும் அப்பால் திருப்பதியும் சேஷாசல மலைத்தொடரும். தெற்கே சூளூர்பேட்டை வழியாகத் தடா சென்று, அங்கிருந்து வரதையபாளையம் பக்கம் திரும்பினால் உப்பலமடுகு அருவி. சென்னையிலிருந்து வருவோர் 'தடா அருவி' என்று வழங்குவது அதனையே. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த நம் ஊர் அதனுள் சேர்க்கப்பட்டது. அன்று முதல் ஏட்டளவிலும் நாம் மலை மாவட்டத்து மக்களே.

நண்பர்களே! பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம் என்னும் நூலைப் பெயரளவிலேனும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெருங்கௌசிகனார் இயற்றிய அந்நூல் 583 அடிகளைக் கொண்டது. நன்னன் என்னும் வள்ளலை நாடிச் செல்லும் கூத்தர் கூட்டத்திற்கு மலைவழியின் இயல்பை எடுத்துரைப்பது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு ஒடுங்கும் குழிகள் எங்கே, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எப்படி வரும், பாறை எங்கே வழுக்கும் என்றெல்லாம் ஒரு தந்தை மகனுக்குச் சொல்வதுபோல் அது சொல்லிச் செல்கின்றது. அதில் ஓரிடம் என் உள்ளத்தைப் பிணித்தது. மலையிலேயே பிறந்த குறவரும் திகைக்கும் இடத்தில் நீங்கள் அகப்பட்டுக்கொண்டால், மேலும் அலைய வேண்டா. அகன்ற பாறை ஒன்றின்மேல் அனைவரும் ஒருங்கே கூடி, கையிலுள்ள இசைக்கருவிகளை முழக்குங்கள். காடு காத்து உறையும் கானவர் அவ்வொலி கேட்டு வந்து உங்கள் துயர் தீர்த்து வழிகாட்டுவர் என்பது அவ்விடத்தின் கருத்து.

இன்று மலையேறுவோர்க்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் பாடமும் இதுவே. வழி தவறியதும் நின்றுவிடு, கூட்டத்தைப் பிரியாதே, வெளியான இடத்தில் இருந்துகொண்டு ஒலி எழுப்பு என்பார்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதல் ஊதுவது. பின்பு ஒரு நிமிடம் பொறுப்பது. மீண்டும் ஆறு முறை ஊதுவது. இது பல நாடுகளிலும் அறியப்பட்ட அபயக் குறி. கேட்டவர் மூன்று முறை ஊதி மறுமொழி தருவார். இரவாயின் விளக்கொளியையும் இவ்வாறே காட்டலாம்.

ஆக, மீட்பு என்பதற்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று மேலிருந்து எழும் குரல். மற்றொன்று கீழே அதனைக் கேட்கும் செவி. மலைபடுகடாம் பாடிய புலவர்க்குக் கானவரின் செவியில் நம்பிக்கை இருந்தது. அத்தகைய செவியாக நாம் இருக்கின்றோமா என்பதே நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

என் வாழ்வில் நிகழ்ந்த இரண்டு இரவுகளைச் சொல்லுகின்றேன்.

முதல் இரவு, நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிது. மார்கழித் திங்கள். நண்பர்கள் அறுவர் உப்பலமடுகுக்குச் சென்றோம். எவரிடமும் சொல்லிச் செல்லவில்லை. மேலே வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வடகிழக்குப் பருவ மழை எங்கோ மலையின் மறுபுறத்தில் பெய்திருக்க வேண்டும்; பிற்பகலில் ஓடை திடீரெனக் கலங்கிப் பெருகியது. காலையில் முழங்கால் அளவு நீரில் கடந்த இடத்தை மாலையில் கடக்க இயலவில்லை. மாற்று வழி தேடியதில் ஒருவன் பாறையில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். இருள் சூழ்ந்தது. யார் பிழை என்று எங்களுக்குள் பூசல் மூண்டது. இருவர் சினந்து தனியே வழி தேடப் புறப்பட்டனர். அவர்களைத் தடுக்க நான் எழுப்பிய கூச்சலே எங்களைக் காத்தது என்றால் நம்புவீர்களா? அடிவாரத்தில் மாடு தேடிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டிருக்கின்றார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கீழே இரண்டு விளக்குகள் தெரிந்தன. "பயபடகண்டி பாபூ, மேமு உன்னாமு" என்று ஒரு முதியவரின் குரல் வந்தது. 'அஞ்சாதீர்கள், நாங்கள் இருக்கின்றோம்' என்பது அதன் பொருள். அந்நாளில் எனக்குத் தெலுங்கு பத்துச் சொற்கூடத் தெரியாது. ஆயினும் அந்தச் சொற்களை எவரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கயிற்றுக் கட்டில் ஒன்றைத் தலைமேல் சுமந்து வந்திருந்தார்கள். முறிந்த காலின் இருபுறமும் மூங்கிற் பிளாச்சு வைத்துத் துண்டால் கட்டி, நண்பனைக் கட்டிலில் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சுமந்து, விடியுமுன் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் கையிலிருந்த பணத்தையெல்லாம் திரட்டி நீட்டினோம். முதியவர் வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த முறை மேலே போகும்போது ஊரில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று மட்டும் கூறினார்.

இரண்டாம் இரவு, பல ஆண்டுகளுக்குப் பின் வந்தது. நம் குடியிருப்பைச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் மலைக்குச் சென்றவர்கள் திரும்பவில்லை என்று செய்தி வந்தது. நாம் இருபது பேர் இரண்டு வண்டிகளில் விரைந்தோம். இந்த அவையிலும் அவர்களுள் சிலர் இருக்கின்றனர். அடிவாரத்தில் போய் நின்றோம். நம்மிடம் கைபேசி வெளிச்சம் தவிர வேறு விளக்கு இல்லை, கயிறு இல்லை, வழி தெரிந்தவர் இல்லை. ஊர்க்காரர்கள் ஐவர் ஏறினார்கள். ஒரு காலத்தில் அதே மலையிலிருந்து சுமந்து இறக்கப்பட்ட நான், சாலையோரத்தில் நின்றேன். இதனைச் சொல்ல எனக்கு நாணமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கே பொருளில்லை.

பிள்ளைகள் உயிரோடு வந்தனர். ஆனால் பாதி வழியில் எதிர்கொண்ட நாம், அன்பின் மிகுதியால் ஒரு பெரும் பிழை செய்தோம். கால் அடிபட்டிருந்த பையனை இருபுறமும் தோள் கொடுத்துத் தாங்கி நடக்க வைத்தோம். எலும்பு முறிந்திருப்பதை அறியோம். அந்த நடையில் முறிவு பெரிதாகிவிட்டது. அவன் இன்றும் சற்றே சாய்ந்துதான் நடக்கின்றான். நம்மிடம் அன்பு இருந்தது, அறிவு இல்லை. அன்பு மட்டும் போதாது என்பதை அவன் ஒவ்வோர் அடியும் எனக்கு நினைவூட்டுகின்றது.

இதே பாடத்தை இங்கிலாந்து மக்களும் ஒரு காலின் விலை கொடுத்தே கற்றனர். 1928-ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் லாடோ என்னும் பாறையில் ஏறிய ஒருவர் அடிபட்டார். தகுந்த தூக்குப் படுக்கையும் இல்லை. வலியைத் தணிக்கும் மருந்தும் இல்லை. நண்பர்கள் கிடைத்ததைக் கொண்டு தூக்கிச் சென்ற நெடும் பயணத்தில் காயம் முற்றிவிட, பின்னர் அவருடைய காலை எடுக்க நேர்ந்தது. வில்சன் ஹே என்னும் அறுவை மருத்துவர் இதைக் கண்டு நொந்து, மலையேறுவோர் கழகங்களை ஒன்றுசேர்த்து, மலைக்கு ஏற்ற ஸ்டிரெச்சர் ஒன்றை அமைக்க வழி செய்தார். வலி தணிக்கும் மார்பின் மருந்தை மீட்புக் குழுவினர் வைத்திருக்கச் சட்டம் இடங்கொடாதபோதும், அவர் அதனை வெளிப்படையாகவே வழங்கி, 1949-இல் தண்டனைத் தொகையும் கட்டினார். பின்னர் அரசு அவர் வழிக்கு வந்தது. அங்குள்ள மீட்புக் குழுக்களில் உழவர், ஆசிரியர், கடைக்காரர், மருத்துவர் எனப் பலரும் இருக்கின்றனர். ஊதியம் பெறுவதில்லை, மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்பதுமில்லை. காவல் துறை அழைத்தவுடன், செய்த வேலையை விட்டுவிட்டு மலைக்கு ஓடுகின்றார்கள்.

"அது வெள்ளையர் நாட்டுக் கதை" என்று ஒதுக்கிவிட வேண்டா. நம் நாட்டிலேயே மராட்டியத்தின் சகியாத்திரி மலையடிவாரங்களில் இத்தகைய தன்னார்வக் குழுக்கள் பல உள்ளன. லோணாவளாவின் சிவதுர்க் மித்ர என்னும் குழுவை அங்கே அறியாதார் இல்லை. 2023-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள் இரவு, ராய்காட் மாவட்டத்தில் இர்சால்வாடி என்னும் மலைச் சிற்றூரை மண்சரிவு மூடியது. அவ்வூருக்கு வண்டி செல்லும் சாலை இல்லை. செங்குத்தான வழியில் நடந்தே ஏறவேண்டும். கொட்டும் மழையில் அந்த இரவே ஏறியவர்களுள் சுற்றுப்புறத்து மலையேற்றக் குழுவினரும் இருந்தனர். வழி அவர்கள் காலுக்குத் தெரிந்திருந்தது.

நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்த குரங்கணித் துயரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுவினரைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்து வந்தோரும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தோரும் அவர்கள். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும்போது அதன் வேகம் பன்மடங்காகும். கீழே எரியும் தழலின் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதே அதற்குக் காரணம். மனிதக் கால்கள் அதனை முந்த இயலாது. 23 உயிர்கள் போயின. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் பின்னரே வந்தன; கைகளில் தண்ணீருடன் அந்த மாலையே ஏறியவர்கள் அடிவாரத்து ஊர் மக்களும் பழங்குடியினரும் தோட்டத் தொழிலாளருமே. போர்வைகளில் கிடத்திக் காயம்பட்டோரைச் சுமந்தவர்களும் அவர்களே. அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைவழிகளைத் தேர்ந்து ஒழுங்குபடுத்தியபோது, அம்மலைகளின் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. மலைபடுகடாத்தின் கானவர் மீண்டும் வழிகாட்ட வந்துவிட்டனர் என்றே நான் மகிழ்ந்தேன்.

பயிற்சியின் சிறப்பை உணர இன்னொரு நிகழ்ச்சி போதும். 2022 பிப்ரவரியில் பாலக்காட்டுக்கு அருகில் மலம்புழைப் பகுதியின் குறும்பாச்சி மலையில், இறங்கும்போது தவறிய இளைஞர் ஒருவர் செங்குத்துப் பாறையின் சிறு இடுக்கில் சிக்கி, உணவும் நீருமின்றி இரண்டு நாள்போல் கிடந்தார். கீழே கூடிய கூட்டம் பெரிது, அன்பும் பெரிது. ஆயினும் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் படைவீரர்கள் வந்து, உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கியே அவரை மீட்க முடிந்தது. மலைக்கு மலை தேவை வேறு. கயிறு வேண்டிய இடத்தில் கட்டில் உதவாது. எது நம்மால் இயலும், எது இயலாது என்று அறிவதும் மீட்புக் கலையின் ஒரு கூறே.

இனி, உங்களுள் சிலர் கேட்கக்கூடிய இரண்டு வினாக்களுக்கு விடை சொல்லவேண்டும்.

முதல் வினா: "அரசு இருக்கின்றது, தீயணைப்புத் துறை இருக்கின்றது, 108 ஊர்தி இருக்கின்றது. நாம் எதற்கு?" 108 ஊர்திச் சேவை 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கியது, அது நாட்டுக்கே பெரும் பேறு. ஆனால் அந்த ஊர்தி சாலை முடியும் இடம் வரைதான் வரும். சாலை முடியும் இடத்துக்கும் அடிபட்டவன் கிடக்கும் பாறைக்கும் இடையிலுள்ள இரண்டு கல் தொலைவைக் கால்களே கடக்கவேண்டும். ஒருவரை மலையிலிருந்து இறக்க ஒரே நேரத்தில் ஆறு பேரேனும் சுமக்கவேண்டும். அவர்கள் களைக்கும்போது மாற்றிக்கொள்ள இன்னும் ஆறு பேர் வேண்டும். அதிகாரிகள் கையிலும் அத்தனை தோள்கள் அந்நேரத்தில் இரா.

இரண்டாம் வினா இன்னும் கூர்மையானது: "பொழுதுபோக்குக்காக மலையேறிக் கேட்டை விலைக்கு வாங்குவோருக்காக நாம் ஏன் உயிரைப் பணயம் வைக்கவேண்டும்?" இந்தச் சினம் எனக்குப் புரிகின்றது. குடித்துவிட்டு ஏறுவோரையும், தடை செய்த காட்டுக்குள் நுழைவோரையும் நானும் கண்டிருக்கின்றேன். ஆனால் என்னைத் தேடி வந்த அந்த முதியவர் மேலே வந்ததும் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "எத்தனை பேர்? எல்லோரும் இருக்கிறீர்களா?" என்றுதான் கேட்டார். 'ஏன் வந்தீர்கள்' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் விடையும் இல்லை. அறிவுரை வேண்டியதுதான், அதற்குரிய இடம் அடிவாரம், அதற்குரிய நேரம் மறுநாள் காலை. மேலும், மலையில் துன்புறுவோர் எல்லாரும் பொழுதுபோக்க வந்தவரும் அல்லர். 2023 ஆகஸ்டு 11 அன்று அலிபிரிப் படிவழியில் பெற்றோருடன் திருமலைக்கு நடந்த ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொண்டுபோனதை நாம் கேட்டுக் கலங்கினோம். வேண்டுதலுக்காக நடப்போரும் உளர். விறகுக்கும் தேனுக்கும் ஏறுவோரும் உளர். குரல் எழும்போது அது யாருடையது என்று செவிக்குத் தெரியாது.

ஆதலால் நான் வேண்டுவது இதுதான். நம் குடியிருப்பிலிருந்து பன்னிரண்டு இளைஞர்கள் முன்வரவேண்டும். ஆணும் பெண்ணுமாக வரட்டும். செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை அளிக்கும் முதலுதவிப் பயிற்சியை முறையாகப் பெறவேண்டும். முறிந்த எலும்பை அசையாமற் கட்டுவது. முதுகில் அடிபட்டவரை இழுக்காமல் ஒரே பலகைபோல் தூக்குவது. பாம்பு கடித்தவரின் கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நடக்கவிடாமல், விரைந்து நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குச் சேர்ப்பது. வெயிலில் மயங்கியவரை நிழலில் கிடத்தி உடலை நனைத்துக் குளிர்விப்பது. இவை கற்கக்கூடியவையே. தூக்குப் படுக்கை ஒன்று, நெற்றியில் கட்டும் விளக்குகள் பன்னிரண்டு, ஊதல்கள், கயிறு ஆகியவற்றைச் சங்க அறையில் ஒரு பெட்டியில் வைப்போம். அதன் சாவி நூலகச் சாவியோடு தொங்கட்டும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லுகின்றேன். நாமே தலைவர்களாகப் புறப்பட்டுவிடக் கூடாது. காப்புக் காட்டுக்குள் வனத்துறையின் இசைவின்றிக் கால் வைத்தல் தவறு. காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் நம் பெயர்களை முன்னதாகவே கொடுத்துவைத்து, அவர்கள் அழைக்கும்போது செல்வோம். மலையடிவாரத்து ஊர்களுக்கு இப்போதே சென்று, வழி அறிந்த பெரியோரிடம் பாடம் கேட்போம். அவர்கள் முன்னே நடக்கட்டும். நாம் பின்னே சுமப்போம். அதற்கு நம் பிள்ளைகள் தெலுங்கை நன்றாகப் பேசக் கற்கவேண்டும். தமிழ்ச் சங்க மேடையில் நின்று இதைச் சொல்கின்றேனே என்று எவரும் வருந்த வேண்டா. தாய்மொழி நம்மை ஒருவரோடொருவர் இணைக்கின்றது. அண்டை வீட்டாரின் மொழி, இருளில் எழும் குரலோடு நம்மை இணைக்கும்.

மலைக்குச் செல்லும் இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். எங்கே செல்கின்றீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டிலும் அடிவாரத்திலும் சொல்லிச் செல்லுங்கள். கழுத்தில் ஓர் ஊதல் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஓடையின் மறுகரைக்குச் செல்லாதீர்கள். வழி தவறினால் பிரியாதீர்கள். துன்பம் நேர்ந்தால் 112-ஐ அழையுங்கள். கைபேசி எட்டாத இடத்தில் உங்கள் குரலே துணை.

அன்பர்களே! நாம் பிழைப்புத் தேடி இந்த மண்ணுக்கு வந்தவர்கள். இது நமக்கு வேலை தந்தது, வீடு தந்தது, நம் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தது. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் ஓர் ஊர் நம் ஊராகும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. குடும்ப அட்டையும் வீட்டுப் பத்திரமும் அதனை முடிவு செய்வதில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது. அந்த ஊரின் மலையில் நள்ளிரவில் ஒருவன் கூவும்போது, படுக்கையை விட்டு எழுகின்ற நாளில்தான் அது நம் ஊராகின்றது.

அன்று என்னைச் சுமந்த முதியவர் இப்போது இல்லை. அவருடைய பெயரைக்கூட அந்த இரவில் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு நான் பட்ட கடனை அவரிடம் திருப்பித் தர இனி வழியில்லை. மலையில் கூவும் வேறொருவனுக்குத்தான் அதைத் தரமுடியும். என் முழங்கால்கள் இனி மலையேறா. ஆனால் பெட்டியைத் துடைத்து, விளக்குகளுக்கு மின்கலம் மாற்றி, தொலைபேசியருகே இரவெல்லாம் விழித்திருக்க என்னால் இயலும். அந்த வேலையை எனக்குத் தாருங்கள். ஏறும் வேலைக்குப் பன்னிரண்டு பெயர்கள் வேண்டும். விழா முடிந்ததும் வாயிலருகே ஓர் ஏட்டுடன் அமர்ந்திருப்பேன். வந்து எழுதிச் செல்லுங்கள்.